நினைவிடமாகப் போகும் பழைய கட்டடம்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

ஒரு பழைய சிறையோ, பள்ளிக்கூடமோ, யாரோ ஒளிந்து வாழ்ந்த வீடோ நினைவிடமாகப் போகிறது என்று முடிவாகிவிட்டால், பொறுப்பேற்ற குழுவின் முதல் கூட்டத்திலேயே திறப்பு விழாத் தேதி பேச்சில் வந்துவிடும். அப்புறம் எல்லாமே அந்தத் தேதியைப் பார்த்துத்தான் ஓடும். சுவரைச் சுரண்டி வெள்ளையடிப்பார்கள். தரையைப் பெயர்த்துவிட்டுப் பளபளவென்று கல் பதிப்பார்கள். துருப்பிடித்த கம்பிக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்து மாட்டுவார்கள். விழாவும் நன்றாகவே நடக்கும். ஆனால் சுரண்டிய சுண்ணாம்போடு, உள்ளே கிடந்த ஒருவர் ஆணியால் கீறி எண்ணிவைத்த நாள்கணக்கும் போயிருக்கும். எவ்வளவு நிதி ஒதுக்கினாலும் அது திரும்பி வராது.

அழகுக்காகப் பாதுகாக்கும் கட்டடம் வேறு, நடந்த ஒன்றின் நினைவுக்காகப் பாதுகாக்கும் கட்டடம் வேறு. அரண்மனையில் உடைந்த தூணைச் சரிசெய்தால் அரண்மனைக்கு நல்லது. துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தில் குண்டு பாய்ந்த குழிகளைப் பூசி மூடினால் நல்ல சுவர் ஒன்று கிடைக்கும், சாட்சி போய்விடும். அதனால், கீழே வரும் வழிகளை ஒப்பிடும்போது நான் ஒரே கேள்வியைத்தான் முன்னால் வைத்துக்கொள்கிறேன்: இந்தக் கட்டடத்தில் எது போனால் திரும்பி வராது? செலவு, கூட்டம், வசதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கை நினைத்துப் பாருங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று ஜெனரல் டயரின் படை அந்த மைதானத்துக்குள் வந்தது ஒரு சந்து வழியாக. கூட வந்த கவச வண்டிகளால் உள்ளே நுழைய முடியவில்லை. சந்து அவ்வளவு ஒடுக்கம். நினைவிடத்துக்கு வருபவர் அந்தச் சந்தில் நடக்கும்போதே, உள்ளே இருந்தவர்களுக்கு ஓட வழியில்லாமல் போனது ஏன் என்பது புரிந்துவிடும். 2021-இல் நடந்த புதுப்பிப்பில் அந்தச் சந்தின் சுவர்களில் மனித உருவச் சிற்பங்கள் வைக்கப்பட்டன. வரலாற்றாசிரியர்கள் பலர் அதைக் கண்டித்தார்கள். சிற்பங்கள் நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே பேச வேண்டியது அந்த வெற்றுச் செங்கல் சுவர்களும் அவற்றின் நெருக்கமும்தான். இப்போது கண் சிற்பங்களுக்குப் போய்விடுகிறது. இப்படிப்பட்ட இழப்புக்குத்தான் ஒரு குழு முதலில் பயப்பட வேண்டும் என்கிறேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இடிந்ததை இடிந்தபடியே காப்பது

ஹிரோஷிமாவில் அணுகுண்டு மாடம் என்று இன்று உலகம் அறியும் கட்டடம், 1915-இல் திறக்கப்பட்ட ஒரு தொழில் கண்காட்சிக் கூடம். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்தது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு அதற்கு மிக அருகில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. வெடிப்பின் வேகம் ஏறத்தாழ நேர் மேலிருந்து வந்ததால் சுவர்களில் ஒரு பகுதியும் குவிமாடத்தின் இரும்பு எலும்புக்கூடும் நின்றுவிட்டன. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை.

அதை வைத்துக்கொள்வதா இடிப்பதா என்று அந்த நகரம் 20 ஆண்டுகளுக்கு மேல் வாதிட்டது. பார்க்கும்போதெல்லாம் செத்தவர்கள் நினைவு வருகிறது, இடித்துவிடுங்கள் என்று கேட்டவர்களும் உயிர் தப்பியவர்கள்தான். அந்த வேதனையை யாராலும் தவறு என்று சொல்ல முடியாது. கடைசியில், கைக்குழந்தையாக இருந்தபோது கதிர்வீச்சுக்கு ஆளாகி 16 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்த ஒரு பெண்ணின் நாட்குறிப்பு, கட்டடத்தைக் காக்கும் இயக்கத்துக்குத் தூண்டுதலானது. 1966-இல் நகர மன்றம் நிரந்தரமாகப் பாதுகாப்பது என்று தீர்மானித்தது. 1967-இல் முதல் வேலை நடந்தது. 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

அங்கே என்ன வேலை செய்தார்கள் என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். புதுச் சுவர் எதையும் எழுப்பவில்லை. விரிசல்களுக்குள் பிசினைச் செலுத்தி ஒட்டினார்கள். உள்பக்கமாக இரும்புச் சட்டங்களால் முட்டுக்கொடுத்தார்கள். வெளியே நின்று பார்க்கிறவருக்கு 1945-இல் நின்ற கோலம்தான் தெரியும். உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அருங்காட்சியகம், கழிவறை, படிக்கட்டு எதுவும் அந்தக் கட்டடத்தின் மேல் பாரமாக ஏறவில்லை. கென்சோ தாங்கே வடிவமைத்து 1955-இல் திறந்த அருங்காட்சியகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பூங்காவின் மறுகோடியில் இருக்கிறது. அங்கிருந்து நினைவு வளைவின் ஊடாகப் பார்த்தால் மாடம் நேர்கோட்டில் தெரியும். கட்டடத்தைத் தொடாமலேயே, அதைப் பார்க்கும் பார்வையை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒன்றை எந்த ஊர்க் குழுவும் காசு செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வழி மலிவானது, சும்மா விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறாகத்தான் இருக்கும். கூரை போன கட்டடம் ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சுவரின் தலைதான் முதல் பலவீனம். கூரை இருந்தவரை மழையே பார்க்காத அந்தத் தலைப்பகுதியில் தண்ணீர் தேங்கி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சாந்தைக் கழுவிக்கொண்டு இறங்கும். குளிர் நாடுகளில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து சுவரைப் பிளக்கும். வெப்ப நாடுகளில் பறவை போட்ட விதை முளைத்து வேர் பிளக்கும். உள்ளே பதித்த இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு உப்பிக் கல்லையே வெடிக்க வைக்கும்.

பிரான்சின் ஒரதூர்-சுர்-க்ளான் கிராமம் இதற்கு உதாரணம். 1944 ஜூன் 10 அன்று நாஜிப் படை அங்கே 640-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஊரை எரித்தது. போருக்குப் பின் அந்த இடிபாட்டை அப்படியே வைப்பது என்றும், பக்கத்தில் புது ஊர் கட்டுவது என்றும் அரசு முடிவு செய்தது. எரிந்த வீடுகளுக்குள் தையல் இயந்திரங்களும், தெருவோரம் கார்களும் துருவேறிக் கிடக்கின்றன. ஒரு கிராமமே திறந்த வெளியில் நிற்கிறது. எண்பது வருட மழை அதன் சுவர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு மாடத்தைப் பேணுவதே நகரத்துக்குப் பாரம் என்றால், ஒரு கிராமத்தின் அத்தனை சுவர்த் தலைகளையும் பேணுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். பார்வையாளர்களுக்கான நினைவு மையத்தை 1999-இல் திறந்தபோது, அதை இடிபாட்டுக்கு வெளியே, பெரும்பகுதி நிலத்துக்கடியில் அமைத்தார்கள். அது நல்ல முடிவு. ஊரின் விளிம்பில் எந்தப் புதுக் கட்டடமும் கண்ணை உறுத்தாது.

என் கணிப்பில், நடந்த கொடுமை கட்டடத்தின் உடம்பிலேயே எழுதப்பட்டிருந்தால் இதுதான் சரியான வழி. ஒரு நிபந்தனை உண்டு: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி ஏறிப் பார்க்கப் பணமும் ஆளும் நிச்சயமாக இருக்க வேண்டும். அது இல்லாமல் 'அப்படியே விடுகிறோம்' என்றால் மெதுவாக இடிக்கிறோம் என்றுதான் பொருள்.

ஒரு தேதிக்குத் திருப்புவது

கட்டடம் முழுசாக நிற்கிறது, ஆனால் பின்னால் வந்தவர்கள் அறை தடுத்திருக்கிறார்கள், வர்ணம் பூசியிருக்கிறார்கள், ஜன்னல் மாற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் நீக்கி, அந்தச் சம்பவம் நடந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவது இரண்டாவது வழி. குழுக்கள் மிகவும் விரும்புவது இதைத்தான். பார்வையாளருக்கும் சட்டென்று புரியும். நாற்காலி, மேசை, விளக்கு, நாள்காட்டி எல்லாம் வைத்துவிட்டால் விளக்கமே தேவைப்படாது.

எனக்கு இதில் தயக்கம் அதிகம். முதல் காரணம், தேதியை யார் தீர்மானிப்பது என்பது. ஒரு கட்டடம் கோட்டையாக இருந்து, சிறையாகி, அகதி முகாமாகி, பள்ளிக்கூடமாகியிருக்கலாம். சிறைக் காலத்துக்குத் திருப்பினால், அகதிகள் சுவரில் எழுதிவைத்த பெயர்கள் 'பின்னால் சேர்ந்த குப்பை' ஆகிவிடும். அவர்களும் இதே நாட்டின் ஆட்கள்தானே. பழங்கட்டடப் பாதுகாப்புக்காக 1964-இல் உருவான வெனிஸ் சாசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நின்றுவிட வேண்டும்.

இரண்டாவது காரணம், இட்டு நிரப்பும் பொருள்கள் உண்மையானவை அல்ல என்பது. ஆம்ஸ்டர்டாமில், நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த பின்கட்டு 1960-இல் அருங்காட்சியகமானது. கைதுக்குப் பின் நாஜிகள் வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். உயிரோடு திரும்பிய ஒரே ஆளான அப்பா ஓட்டோ ஃபிராங்க், அறைகள் காலியாகவே இருக்கட்டும் என்றார். எடுத்துப்போனவர்கள் விட்டுச்சென்ற வெறுமையையும் வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. அப்படியானால் எட்டுப் பேர் அங்கே எப்படிப் படுத்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று எப்படிக் காட்டுவது? சாமான்களோடு கூடிய சிறிய மாதிரி வடிவம் ஒன்றைச் செய்து வைத்தார்கள். அறை அறையாகவே இருந்தது. விளக்கம் வேறு பொருளாகப் பக்கத்தில் வந்தது.

அந்த வெற்று அறைகளில் ஒரு சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. மகள்கள் வளர்வதை அப்பா அம்மா குறித்த கோடுகள். எந்த வீட்டுக் கதவுநிலையிலும் பார்க்கக் கூடியவை. ஒளிந்த பிறகு தொடங்கி, 1944 ஆகஸ்ட் கைதோடு நின்றுவிடுகின்றன. வெளியே ஒரு அடி எடுத்துவைக்க முடியாத இரண்டு வருடத்தில் ஆன் 13 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். அந்தச் சுவர்க் காகிதம் இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஒருவேளை அந்த வீட்டை 1960-இல் 'நன்றாக' மீட்டெடுத்திருந்தால், கறைபடிந்த பழைய சுவர்க் காகிதத்தைக் கிழித்துவிட்டு அதே டிசைனில் புதிது ஒட்டியிருப்பார்கள். அறை 1942 போலவே இருந்திருக்கும், கோடுகள் மட்டும் இருந்திருக்காது.

மீட்டெடுப்பில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஆபத்து சிமென்ட். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் மூச்சுவிடும் சுவர். தரையிலிருந்து ஏறும் ஓதத்தையும் மழை ஈரத்தையும் அது வாங்கி, பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கலுக்குள் போகும். தண்ணீரில் கரைந்திருந்த உப்பு செங்கலின் முகத்துக்குப் பின்னால் பூக்கும். ஒரு சில மழைக்காலங்கள் கழித்து அந்தச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். பூச்சு விட்டுப்போய் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். பெயர்த்தால் பூச்சோடு செங்கலின் முகமும் பொரிந்து கையோடு வரும். பழையதைக் காப்பதற்காகப் பூசிய பூச்சு பழையதைத் தின்றிருக்கும். ஒப்பந்தப் பத்திரத்தில் 'சுண்ணாம்புச் சாந்து மட்டும்' என்ற ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

ஆகவே இந்த வழியை முழுக் கட்டடத்துக்கும் எடுக்காதீர்கள் என்பேன். நல்ல புகைப்படமும் ஆவணமும் இருக்கும் ஒரே ஒரு அறையில், கூடுதலாகச் சேர்த்தவற்றைத் திரும்பக் கழற்றும்படியாகச் செய்யலாம். எது பழையது, எது இப்போது வைத்தது என்பது வாசலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இல்லாததை மீண்டும் கட்டுவது

இதைப் பலர் பொய் என்று ஒரே அடியாக ஒதுக்குவார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். டிரெஸ்டனின் ஃப்ராவென்கிர்ஹே தேவாலயம் 1945 பிப்ரவரி குண்டுவீச்சுக்குப் பின் இடிந்து விழுந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தக் கற்குவியலே போர் எதிர்ப்பு நினைவிடமாக இருந்தது. ஜெர்மனி ஒன்றான பின் மீண்டும் கட்டத் தொடங்கி 2005 அக்டோபர் 30 அன்று திறந்தார்கள். குவியலிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து அளந்து, கிட்டத்தட்ட 3,800 கற்களை அவை இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தார்கள். பழைய கல் கறுப்பு, புதிய கல் வெளிர் மஞ்சள். இன்று தூரத்திலிருந்து பார்த்தாலே, மச்சம் போலக் கறுப்புக் கற்கள் சுவரெங்கும் தெரியும். எது தப்பியது, எது புதிது என்று கட்டடமே சொல்கிறது. உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்த பிரிட்டிஷ் பொற்கொல்லரின் அப்பா, அந்த நகரத்தின் மேல் குண்டுபோட்ட விமானிகளில் ஒருவர். மறுகட்டுமானமும் ஒரு நினைவுச் செயலாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது, போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஆஷ்விட்ஸின் முதல் முகாம். அங்கே இருந்த முதலாம் எரியூட்டுக் கூடத்தைப் போருக்குப் பின் அருங்காட்சியகத்தார் ஓரளவு மீண்டும் அமைத்தார்கள். புகைபோக்கியைக் கட்டினார்கள், மிஞ்சிய பழைய பாகங்களை வைத்து உலைகளைச் சேர்த்தார்கள். மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். பிற்காலத்தில், நடந்ததே இல்லை என்று மறுக்க வந்த கூட்டம் அந்தப் புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டது. 'இது போருக்குப் பின் கட்டியது, ஆகவே எல்லாமே கட்டியதுதான்' என்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட இடத்தில் ஒரு சிறு மறுகட்டுமானம் மறுப்பவர்கள் கைக்கு ஆயுதமானது. அதன் பக்கத்து முகாமான பிர்கெனாவில் நாஜிகள் தாங்களே வெடிவைத்துத் தகர்த்த கூடங்களின் இடிபாடுகள் தொடப்படாமல் கிடக்கின்றன. தடயத்தை அழிக்கப் பார்த்ததற்கே அவை தடயம். அவற்றை யாராலும் அப்படிச் சொல்ல முடியாது.

குற்றம் நடந்த இடத்தில் ஒரு செங்கல்கூடப் போலியாக வைக்கக் கூடாது என்பது என் முடிவு. ஊரே கூடி வாழ்ந்த இடம், வழிபட்ட இடம் என்றால் பேச்சு வேறு. போரில் நாஜிகள் தரைமட்டமாக்கிய வார்சாவின் பழைய நகரத்தைப் பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் வைத்து மீண்டும் கட்டினார்கள். 1980-இல் அதுவே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அழிக்க நினைத்தவனுக்கு அந்த மக்கள் கொடுத்த பதில் அது.

கட்டடத்தை வேறு வேலைக்கு விடுவது

நினைவிடம் என்றால் எப்போதும் மௌனமாக, கயிறு கட்டி வைத்த இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜோஹன்னஸ்பர்க்கின் பழைய கோட்டைச் சிறையில் காந்தியும் இருந்தார், மண்டேலாவும் இருந்தார். 1980-களில் மூடிக் கிடந்த அந்த வளாகத்தில், நிறவெறி ஆட்சி முடிந்த பின் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டி 2004-இல் திறந்தார்கள். விசாரணைக் கைதிகள் இருந்த பகுதியை இடித்தார்கள். அதன் செங்கற்களை நீதிமன்ற அரங்கின் உள்சுவருக்கே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியின் நான்கு படிக்கட்டுக் கூண்டுகளை மட்டும் இடிக்காமல் நிறுத்தினார்கள். அரங்கில் நீளவாக்கில் ஒரு கண்ணாடிப் பட்டை; உள்ளே வழக்கு நடக்கும்போது வெளியே நடந்துபோகிறவர்களின் கால்கள் தெரியும். மற்றச் சிறைக் கட்டடங்கள் அருங்காட்சியகமாக அப்படியே இருக்கின்றன. விசாரணையே நியாயமாக நடக்காத இடத்தில் இன்று தினமும் நீதிபதிகள் வந்து உட்காருகிறார்கள். இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னத்தை யாராலும் செதுக்க முடியாது.

இந்த வழியில் நடைமுறைப் பலனும் உண்டு. அன்றாடம் ஆள் புழங்கும் கட்டடத்தில் ஜன்னல் திறக்கப்படும், ஒழுகல் அன்றே தெரியும், கரையான் ஏறினால் அந்த வாரமே கண்ணில் படும்.

ஆனால் இடித்ததும் நடந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எவ்வளவு இடிக்கலாம் என்பதில்தான் இந்த வழி தடம்புரளும். அந்தமான் செல்லுலார் சிறை 1906-இல் முடிந்தபோது நடுக் கோபுரத்திலிருந்து சக்கர ஆரங்கள் போல ஏழு கிளைகள் விரிந்தன. 690-க்கும் மேற்பட்ட தனிக் கொட்டடிகள். ஒரு கிளையின் கொட்டடி வாசல் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். எதிரே இன்னொரு மனித முகம் தெரியவே கூடாது என்று யோசித்துக் கட்டியது. 1979-இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டபோது மூன்று கிளைகள்தான் மிச்சம். 1941 நிலநடுக்கம், போர்க்காலம், சுதந்திரத்துக்குப் பிந்தைய இடிப்பு எல்லாம் சேர்ந்து நான்கைக் கொண்டுபோயின. இடிந்த இடத்தில் மருத்துவமனை இயங்குகிறது. மருத்துவமனை ஊருக்குத் தேவை, அதில் சந்தேகம் இல்லை. மீதியாவது நின்றதற்கு முன்னாள் கைதிகள் எழுப்பிய எதிர்ப்பும் ஒரு காரணம். ஆனாலும் மூன்று கிளைகளை மட்டும் பார்க்கிறவருக்கு, முகம் பார்க்க முடியாத அந்த ஏழு கிளைச் சக்கரத்தின் கொடூரம் பாதிதான் புரியும். கொட்டடியைப் போலவே, கொட்டடிகள் ஒன்றையொன்று பார்க்காமல் நின்ற அமைப்பும் சாட்சிதான்.

அமெரிக்காவில் மெம்ஃபிஸின் லொரெய்ன் மோட்டல் நடுவழி. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மாடி முகப்பையும் அவர் தங்கிய 306-ஆம் அறையையும் அப்படியே வைத்துவிட்டு, மீதி உட்பகுதியை அருங்காட்சியகமாக மாற்றி 1991-இல் திறந்தார்கள். முகப்பில் ஒரு மலர் வளையம் தொங்கும். எல்லாக் கண்ணும் அந்த ஒரு கதவில் போய் நிற்கும். இதைப் பலவிதத்தில் நல்ல முடிவு என்றே சொல்வேன். ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் 1988-இல் வெளியேற்றப்பட்டார்கள். கடைசியாக வெளியேற்றப்பட்ட பெண் பல ஆண்டுகள் எதிர்ப்புறம் உட்கார்ந்து போராடினார்: ஏழைகளுக்காக நின்றவர் பெயரில் ஏழைகளை வெளியே அனுப்புவதா என்பது அவர் கேள்வி. நினைவிடம் திட்டமிடுகிற எந்தக் குழுவும் இந்தக் கேள்விக்குத் தன் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

புதியது பக்கத்தில் நிற்கட்டும்

பொதுமக்கள் வருகிறார்கள் என்றால் கழிவறை வேண்டும், சீட்டுக் கொடுக்க இடம் வேண்டும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும், தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி வேண்டும். இதில் எதையும் விட முடியாது. நடக்க முடியாதவருக்கும் நினைவு உண்டு. வீடாகக் கட்டிய மாடித் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ தாங்கினால் போதும் என்று கணக்கிடுவார்கள். கூட்டம் கூடும் அருங்காட்சியகத் தளத்துக்கு 400 முதல் 500 கிலோ வரை கேட்பார்கள். அந்தப் பலத்தைப் பழைய மர உத்திரங்களுக்குக் கொடுக்கப் போனால் பழைய தளமே மிஞ்சாது. ஒரே வேளையில் மேலே ஏறுபவர் எண்ணிக்கையைக் குறைப்பது அதைவிட நல்லது. பார்வையாளரின் மூச்சும் சாதாரணமல்ல. பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களை 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்து 1963-இல் மூட வேண்டிவந்தது, மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் பாறைச் சுவரைப் பாழாக்கியதால்தான்.

அதனால் வசதிகளைப் பழைய கட்டடத்துக்குள் திணிக்காமல் பக்கத்தில் கட்டுவதே எனக்குப் பிடித்த வழி. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் எரிந்த பேராலயத்தின் சுவர்களைக் கூரையில்லாமல் நிறுத்திவிட்டு, அதை ஒட்டியே பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த புதுப் பேராலயத்தைக் கட்டினார்கள், 1962-இல் திறந்தார்கள். புதியது பழையதைப் போல நடிக்கவில்லை. வழிபாடு புதிதில் நடக்கிறது. துக்கம் பழையதில் நிற்கிறது. ஆன் ஃபிராங்க் வீட்டிலும் கூட்டத்தைச் சமாளிக்கப் பக்கத்துக் கட்டடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பணமும் முதல் வருடமும்

எந்த வழியானாலும் திறப்பு விழாச் செலவைவிடப் பத்தாவது வருடச் செலவுதான் கட்டடத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். ஆஷ்விட்ஸில் இதை உணர்ந்து 2009-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பல நாடுகளிடமிருந்து 12 கோடி யூரோ மூலதனத்தைத் திரட்டும் இலக்கோடு, அதன் வருமானத்தில் மட்டும் பாதுகாப்பு வேலை செய்வது என்று வைத்தார்கள். சிறிய நினைவிடத்துக்கு அவ்வளவு வேண்டாம்; ஆனால் முறை அதேதான். கையில் இருப்பதில் ஒரு பங்கை மூலதனமாக ஒதுக்கிவிட்டு மீதியில் வேலை தொடங்க வேண்டும்.

இப்போது ஒரு குழு என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். கூரையோடு நிற்கும் கட்டடமா? சாட்சியான அறைகளை வெறுமையாக, சுண்ணாம்பால் மட்டும் பழுதுபார்த்து விடுங்கள். மற்ற அறைகளை அந்த நினைவுக்குப் பொருந்தும் அன்றாட வேலைக்குக் கொடுங்கள். வசதிகளை வெளியே கட்டுங்கள். கூரை போய்ச் சுவர் நிற்கிறதா? முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள், உள்ளே விடாதீர்கள். தரைமட்டமாகிவிட்டதா? கட்டவே வேண்டாம், அடித்தளக் கோடுகளைத் தரையில் காட்டி, எஞ்சியதைப் பத்திரப்படுத்துங்கள். வழிபாட்டிடமோ குடியிருப்போ ஆகி, அந்த மக்களே கேட்டால் மட்டும் டிரெஸ்டன் வழி.

முதல் வருடத்தில் இவற்றில் எதையும் தொடங்க வேண்டாம். கூரை ஒழுகலை அடையுங்கள், மழைநீர் வடிகால்களைச் சுத்தம் செய்யுங்கள், ஒவ்வொரு சுவரையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். கீறலெழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. அப்புறம், அங்கே இருந்தவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களை அழைத்து வாருங்கள். மண்டேலா அடைபட்டிருந்த தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் சிறைக்குள் பார்வையாளர்களை நடத்திச் செல்பவர்கள் முன்னாள் அரசியல் கைதிகள். 1995-இல் பழைய கைதிகள் அங்கே கூடியபோது, தாங்கள் சுண்ணாம்புக் கல் உடைத்த குழியின் வாசலில் மண்டேலா ஒரு கல்லை வைத்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். அந்தக் கற்குவியல் இன்னும் அங்கே இருக்கிறது. கட்டடக் கலைஞர் யாரும் வரைந்து கொடுத்ததல்ல அது.

அழைத்து வந்தவர்களை அலுவலக அறையில் உட்கார வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். கட்டடத்துக்குள் அவர்கள் போக்கில் நடக்க விடுங்கள். எந்த வாசலில் நின்றுவிடுகிறார்கள், எந்தச் சுவரில் கை வைக்கிறார்கள் என்று பார்த்து, அந்த அறையின் எண்ணையும் சுவரின் திசையையும் ஒலிப்பதிவோடு சேர்த்து எழுதி வையுங்கள். நாளைக்குச் சாரம் கட்ட வரும் கொத்தனாருக்கு, எந்த இடத்தில் கரண்டி படக் கூடாது என்பது அந்தக் குறிப்பிலிருந்துதான் தெரிய வேண்டும்.